தையல்காரர் மறுத்த கூரை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது சர்வேயரம்மா அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்கப் போனது அவருடைய மாப்பிள்ளை. மகள் நர்ஸ் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டிக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தரும் மாப்பிள்ளைக்கு விடுமுறை. விடுமுறை நாளில் மாமியார் வீட்டு மணி அடித்தால் அது ஏதோ மர்மத்தோடுதான் அடிக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காகவே சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். இதுவரை அதில் பால் கணக்கைத் தவிர உருப்படியாக எதுவும் ஏறவில்லை.

வந்தவர் கடைத்தெருத் தையல்காரர். மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டை வெட்டித் தைத்தவர் அவர்தான். விடுமுறை நாளிலும் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார், சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, என் கூரை காணாமப் போயிடுச்சு. அது இருந்த இடத்துல இப்ப வேற ஒரு கூரை இருக்கு. ஆனா எல்லாரும் அது என் கூரைதான்னு சாதிக்கிறாங்க."

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் கதவைக் காட்டியிருப்பார்கள். சர்வேயரம்மா முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கூரைகளில் ஏறி இறங்கியவர். கூரை புயலில் பறந்ததா, துருப்பிடித்துத் தானாக விழுந்ததா, இல்லை சொந்தக்காரரே பெயர்த்துப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்குகிறாரா என்று பார்த்து எழுதித்தருவதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரைக் கூரை பார்க்கக் கூப்பிடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

கூரை எவ்வளவு நீளம் என்று கேட்டார். தையல்காரர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

கதை மெதுவாக வெளியே வந்தது. கடைத்தெரு பேக்கரியின் மாடியில் ஒரு பெரிய அறை இருக்கிறது. அங்கே நாலு பேர் சேர்ந்து ஆறு வருஷமாக ஒரு பொம்மை ரயில் ஊரைக் கட்டிவருகிறார்கள். பொம்மை என்று அவர்கள் காதுபடச் சொல்லக்கூடாது. மாதிரி ரயில் என்றுதான் சொல்ல வேண்டும். தையல்காரர் கட்டிடங்களுக்குக் கூரை போடுவார். பல் டாக்டர் பாறையும் பாலமும் செய்வார். போட்டோ ஸ்டூடியோக்காரர் விளக்கும் ஒயரும் பார்த்துக்கொள்வார். மாடியின் சொந்தக்காரரான பேக்கரிக்காரர் மரமும் புல்லும் நடுவார். இந்தப் பேக்கரிக்காரர் தையல்காரருக்குச் சம்பந்தியும்கூட. தையல்காரரின் மகளைத்தான் அவர் மகனுக்குக் கட்டியிருக்கிறது. நாலு பேருக்கும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடையில் போய் வாங்கக்கூடாது, அவரவர் தொழிலில் கிடைக்கும் பொருளை வைத்தே சமாளிக்க வேண்டும். பாறைக்குப் பல் அச்செடுக்கும் மாவு. தகரக் கூரையின் துருவுக்குத் தையல்காரர் துணியில் கோடு போடும் பழுப்புச் சாக்பீஸைச் சுரண்டிய பொடி.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கெல்லாம் திறந்துகாட்டப் போகிறார்கள். அதற்காக ஒன்பது வாரம் பாடுபட்டு அவர் செய்தது சரக்குக் கொட்டகையின் நெளிதகரக் கூரை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது அவர் கூரையாக இருந்தது. வாரநாட்களில் யாரும் மேலே போவதில்லை. நேற்றுச் சனிக்கிழமை போய்ப் பார்த்தால் வேறு கூரை. முன்பக்கம் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. அப்படிக் கோடு அவர் போடவே இல்லை. இதைச் சொன்னதும் போட்டோக்காரர் சுவரிலிருந்த போஸ்டரைக் காட்டினாராம். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் முன்பே அச்சடித்த போஸ்டர். அதில் இதே கொட்டகை, இதே கூரை, குறுக்கே இதே கறுப்புக் கோடு.

"படத்துல இருக்கு. அப்ப நான்தானே போட்டிருக்கணும்?" என்றார் தையல்காரர்.

வீட்டில் ஏற்கெனவே அவர்மேல் ஒரு கண் இருந்தது. போன மாதம் ஒருவருடைய கோட்டுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டார். கடைச் சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினார். இப்போது தன் கூரையையே தெரியவில்லை என்கிறார். மனைவி பெரிய கத்தரிக்கோலை ஒளித்துவைத்துவிட்டார். நாளைக்கு மூளை டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. கடையைப் பூட்டிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது.

"கூரை போனா போகுது, இன்னொண்ணு பண்ணிக்கலாம். எனக்கு என்னையே சந்தேகமா இருக்கும்மா. அதுதான் தாங்க முடியல."

மாப்பிள்ளை எழுதுவதை நிறுத்தினார். சர்வேயரம்மா பாதி உரித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, இப்போது இருக்கும் கூரையை மறந்துவிட்டு, தான் செய்த கூரையை மட்டும் சொல்லச் சொன்னார்.

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முன்பக்கம் ஏழு தகடு, பின்பக்கம் ஏழு தகடு. சீப்பின் மேல் காகிதத்தை வைத்து நகத்தால் அழுத்தி எடுத்த நெளி. முதலில் சாம்பல் பூச்சு. காய்ந்ததும் ஒரு சொட்டுக் கறுப்பை ஒரு மூடித் தண்ணீரில் கரைத்து மேலிருந்து வழியவிட வேண்டும், அது பள்ளத்தில் இறங்கி அழுக்காக நிற்கும். துரு ஆணியடியில்தான் ஆரம்பிக்கும், அடுத்து இரண்டு தகடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில். அங்கிருந்து நேராகக் கீழே இறங்கும். பின்பக்கம் இடமிருந்து மூன்றாவது தகடு மட்டும் துருவே இல்லாமல் பளிச்சென்று இருக்கும். அது போன வருஷக் காற்றில் பிய்ந்துபோய்ப் புதிதாக மாற்றிய தகடு.

எந்தக் காற்று என்று மாப்பிள்ளை கேட்டார். அந்த ஊரில் அடித்த காற்று என்றார் தையல்காரர், மேஜைமேல் இருக்கும் ஊரை நினைத்துக்கொண்டு. பின்பக்கம் சுவரைப் பார்த்து இருப்பதால் அந்தத் தகட்டை வேறு யாரும் பார்த்ததில்லை. இப்போதிருக்கும் கூரையில் அந்தத் தகடும் துருப்பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் அதையும் மறதிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

துரு எங்கே ஆரம்பிக்கும் என்று இவ்வளவு சரியாகச் சொன்ன இஞ்சினியர்களைச் சர்வேயரம்மா தன் ஆயுளில் மூன்று பேரைத்தான் பார்த்திருந்தார். எழுந்து அலமாரியிலிருந்து தன் பழைய பூதக்கண்ணாடியை எடுத்தார். பதினோரு மாதமாக அந்தக் கண்ணாடியை அவர் கையில் எடுக்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு அவசரமாக வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு மாப்பிள்ளை செருப்பைத் தேடப் போனார்.

மூன்று மணிக்குப் பேக்கரி மாடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அன்று ஒத்திகை. கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை படிக்கட்டோடு ஏறி வந்தது. அறை நடுவே லாடம்போல் வளைந்த மேஜை, அதன்மேல் ஊர். போட்டோக்காரர் மேஜைக்கு அடியில் படுத்து ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். பல் டாக்டர், ஐம்பது வயதுப் பெண்மணி, பல் குத்தும் கொக்கியால் பாலத்துக் கல்லிடுக்கில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில் தையல்காரரின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கணவரைத் தனியே விடக்கூடாது என்று கூடவே வந்துவிட்டாராம். பேக்கரிக்காரர் பன் தட்டோடு வந்தார். பருத்த மனிதர், எப்போதும் சத்தமாகப் பேசுபவர். அன்றைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார்.

எல்லாரும் கொட்டகையைக் காட்டினார்கள். சர்வேயரம்மா முதலில் நிமிர்ந்து மேலே பார்த்தார். எந்தக் கட்டிடத்தில் நுழைந்தாலும் அவருக்கு அது பழக்கம். மாடிக்கும் தகரக் கூரைதான். பழுத்துப்போன பழைய தகரம். அதில் ஒரே ஓர் இடத்தில் நாலு புது போல்ட் பளபளத்தது, சுற்றிலும் தார் கறுப்பாகப் பூசியிருந்தது. மூலையில் ஒரு காலி வாளி இருந்தது. எதற்கு என்று கேட்டார். மழை பெய்தால் ஒழுகும், மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்றே ஓட்டுகிறார் என்று பல் டாக்டர் பேக்கரிக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன செவ்வாய்க்கிழமை அவ்வளவு மழை பெய்ததே, நல்லவேளை இந்தப் பக்கம் ஒழுகவில்லை என்றும் சொன்னார். பேக்கரிக்காரர் பன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகுதான் சர்வேயரம்மா குனிந்தார். சரக்குக் கொட்டகை அழகாகத்தான் இருந்தது. ஒரு கூரையாக அதைப் பார்த்துப் பொறாமைப்படலாம். முன்பக்கம் வலது மேல்மூலையிலிருந்து இடது ஓரம்வரை அந்தக் கறுப்புக் கோடு சாய்வாக ஓடியது. மேல்முனையில் கோடு அகன்று ஒரு பட்டைபோல் முடிந்தது. கீழ் வலது மூலையில் மட்டும் துருவும் இல்லை, அழுக்கும் இல்லை. வெறும் சாம்பல் பூச்சு. பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியை வாங்கிப் பின்னால் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் ஏழு தகடும் ஒரே மாதிரி துருவேறியிருந்தது.

மாப்பிள்ளை சட்டைக் கையிலிருந்து ஓர் எறும்பைத் தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைத் தட்டினார். தண்டவாளத்தின் ஓரமாகவே எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. இங்கே உட்கார்ந்து பன் தின்னாதீர்கள் என்றால் யார் கேட்கிறார்கள் என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

சர்வேயரம்மா போஸ்டரைக் கழற்றி வரச் சொல்லிக் கொட்டகை அருகே விரித்தார். படத்தில் கோடு அச்சு அசலாக அப்படியே இருந்தது. கூரையின் கீழ் வலது மூலையை, தேதியும் நேரமும் எழுதிய சிவப்புப் பட்டை மறைத்திருந்தது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு கம்பம்போல் ஏதோ துளி தெரிந்தது. மேஜையில் அந்த இடத்தில் கம்பம் எதுவும் இல்லை. புல்லுக்கு நடுவே ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாகப் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது.

அங்கே என்ன இருந்தது என்று கேட்டார். பல் டாக்டர் யோசித்துச் சொன்னார். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. ஒற்றைக் கால் தொட்டி. அவர் செய்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒட்டினார். அவரும் போட்டோக்காரரும் மட்டும் இருந்து போட்டோ எடுத்தார்கள். கொட்டகையை மறைக்கிறது என்று அன்றைக்கு மத்தியானமே பெயர்த்துத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

இதற்குள் மாப்பிள்ளைக்கு ஒரு முடிவு பிறந்துவிட்டது. மாமியாரைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினார்.

"பல் டாக்டர்தான், அத்தை. அவ்வளவு நுணுக்கமா வேலை பண்றவங்க அவங்க ஒருத்தர்தான். பொறாமை. அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டே கெடுத்துட்டாங்க."

"கெடுக்க நினைச்சவங்க கூரையைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்க, மாப்பிள்ளை. இது ரொம்பப் பாசமா பண்ணின வேலை. எதையும் கெடுக்கக் கூடாதுன்னு உயிரைக் கொடுத்துப் பண்ணியிருக்காங்க."

திரும்பி வந்தவர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். எறும்பு வரிசை போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார். அது ஸ்டேஷனில் ஏறவில்லை, சிக்னல் கேபினைக் கண்டுகொள்ளவில்லை, நேராகச் சரக்குக் கொட்டகைக் கூரைமேல் ஏறியது. சர்வேயரம்மா சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, கூரையின் துருவை ஒற்றி எடுத்து, வாயில் வைத்துக்கொண்டார்.

பெயிண்ட் விஷமாச்சே என்று மாப்பிள்ளை பதறினார். சர்வேயரம்மா கண்ணை மூடி ஒரு நிமிஷம் ருசி பார்த்தார். பிறகு எல்லாரையும் மேஜையைச் சுற்றி உட்காரச் சொன்னார். மேஜைக்கு அடியில் இருந்தவரையும் வெளியே வரச் சொன்னார். தனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் விஷயம். தையல்காரருக்கு மறதி எதுவும் இல்ல. இது அவர் கூரை இல்ல."

தையல்காரரின் மனைவி கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

சர்வேயரம்மா அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டி, கூரையில் தண்ணீர் எப்படி ஓடும் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மேலிருந்து கீழே, நெளியின் பள்ளத்தோடு என்றார் மாப்பிள்ளை. பூகோளத்தில் அவர் கெட்டி. ஏழு தகட்டின் நெளியையும் ஏறித் தாண்டிக் குறுக்கே ஓடும் தண்ணீரை நானும் பார்த்ததில்லை என்றார் சர்வேயரம்மா. மழை போடாத, புகை போடாத, துரு போடாத அழுக்கு இது. ஆணிக்கடியில் தொடங்கும் துருவை ஒன்பது வாரம் உட்கார்ந்து வரைந்தவர், கண்ணைக் கட்டிவிட்டால்கூட இப்படி ஒரு கோடு போடமாட்டார்.

அப்படியானால் படத்தில் கோடு எப்படி வந்தது என்று போட்டோக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். சர்வேயரம்மா அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பெயர்த்துத் தரச் சொன்னார். அதைப் பசைத் தடத்தின் மேல் நிறுத்தினார். அன்றைக்கு வைத்த இடத்திலேயே விளக்கை வைக்கும்படி போட்டோக்காரரிடம் சொன்னார். இடப் பக்கத்திலிருந்து, தாழ்வாக, ஒற்றை விளக்கு. போட்டோக்காரர் விளக்கைப் போட்டார். தொட்டியின் நிழல் கொட்டகைக் கூரைமேல் விழுந்தது. ஒற்றைக் கால் சாய்வான கோடாகவும் மேலே இருந்த தொட்டி பட்டையாகவும் விழுந்து, வரைந்திருந்த கறுப்பை நூல் பிசகாமல் மூடியது.

போட்டோக்காரர் விளக்கை அணைத்தார். கூரையில் கோடு அப்படியே இருந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார்.

"படத்துல இருந்தது நிழல். படத்தைப் பார்த்து வரைஞ்சவங்க அதை அழுக்குன்னு நினைச்சு வரைஞ்சுட்டாங்க. போட்டோ எடுத்த அன்னைக்கு இங்க இருந்த யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க. அந்தத் தொட்டி அங்க நின்னதே அரை நாள்தான்."

கீழ் வலது மூலை ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதையும் விளக்கினார். அசல் போட்டோ கையில் இருந்திருந்தால் அந்த மூலையும் தெரிந்திருக்கும். போஸ்டரில் அங்கே சிவப்புப் பட்டை இருக்கிறது. பட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியாததால் சாம்பலோடு விட்டுவிட்டார்கள். ஆக, போட்டோக்காரர் இல்லை, தொட்டி செய்த டாக்டரும் இல்லை. மாப்பிள்ளை குறிப்பேட்டில் ஒரு வரியைச் சத்தமில்லாமல் அடித்தார்.

"இது நடந்ததுக்குக் காரணம் கீழ இல்ல, மேல இருக்கு," என்று சர்வேயரம்மா விரலை உயர்த்தினார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். நாலு புது போல்ட். நேர் கீழே சரக்குக் கொட்டகை. செவ்வாய்க்கிழமை மழையில் கூரை ஒழுகாமல் இல்லை, ஒழுகியது. சொட்டுச் சொட்டாக அட்டையில் செய்த கூரைமேல் ஒழுகியது. மூன்று வருஷமாக நடக்காத ரிப்பேர் அதற்கு அடுத்த நாளோ இரண்டாம் நாளோ நடந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ரிப்பேர் செய்துவிட்டு அதைப் பத்துப் பேரிடம் சொல்லிக்காட்டாத வீட்டுச் சொந்தக்காரரை முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை என்றார் சர்வேயரம்மா.

எல்லாருடைய பார்வையும் மேலேயிருந்து கீழே இறங்கி, பன் தட்டைப் பிடித்திருந்த கைகளில் வந்து நின்றது.

"இந்தத் துரு சாக்பீஸ் இல்ல. கோகோ பொடி. ஒட்டி நிக்கறதுக்குச் சர்க்கரைப் பாகு தடவியிருக்கு. எறும்புக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு. மிச்சத்தை நான் சொல்றதைவிட அவரே சொன்னா நல்லா இருக்கும்."

பேக்கரிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல் கொட்டகையைப் பார்த்துப் பேசினார். புதன்கிழமை காலையில் மேலே வந்தாராம். முன்பக்கம் முழுக்க ஊறி உப்பி, பெயிண்ட் கரைந்து ஓடியிருந்ததாம். அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மேல்கூரையை அடைத்தார். ஆனால் சின்னக் கூரைக்கு யாரைக் கூப்பிடுவது? மத்தியானம் அடுப்பு ஆறும் நேரத்தில், மூன்று நாள், பேக்கரி மேஜையில் உட்கார்ந்து, கேக் அட்டையை வெட்டி, ஐஸிங் பூசும் தூரிகையால் தானே வரைந்தார். ஆயுளில் அவர் செய்த முதல் கூரை அது.

"மூணு வருஷமா ஒழுகுது ஒழுகுதுன்னு சொன்னீங்க, நான் காதுல வாங்கல. இப்ப உங்க கூரையையே கரைச்சுட்டேன்னு சம்பந்திகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? பொண்ணைக் கொடுத்த இடம். கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். பார்த்த உடனே இது என்னோடது இல்லன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் ஆளாளுக்கு மறதின்னு பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு வாயே வரல. நேத்து ராத்திரி சோறு எறங்கல. நாளைக்கு டாக்டர்கிட்ட போறதுக்குள்ள சொல்லிடணும்னுதான் இருந்தேன்."

தையல்காரர் எழுந்து நின்றார். கோபப்படப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேக்கரிக்காரர் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் தையல்காரர்.

இல்லை என்று சர்வேயரம்மா சொன்னார். தையல்காரர் மறுபடி அதையே கேட்டார். அவர் மறுபடி சொன்னார். தையல்காரர் இன்ச் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அது ஏற்ற பொருள் இல்லை என்பதால் மனைவி தன் கைக்குட்டையை நீட்டினார்.

பேக்கரிக்காரர் கீழே ஓடினார். மேலே வந்தபோது கையில் ஒரு மாவு டின் இருந்தது. மூடியைத் திறந்து, பழைய துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் எடுத்துவைத்தார். நனைந்து உப்பிக் காய்ந்த கூரை. தூக்கிப் போட மனசு வரவில்லையாம். முன்பக்கம் சேறு மாதிரி இருந்தது. பின்பக்கத்தில் தண்ணீர் படவில்லை. தையல்காரர் அதைத் திருப்பினார். இடமிருந்து மூன்றாவது தகடு துருவே இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"அதுல நீங்க துரு வைக்க மறந்துட்டீங்க, சம்பந்தி. உங்களுக்கு ஒரு குறை இருக்கக் கூடாதேன்னு நான் போட்டு விட்டேன்," என்றார் பேக்கரிக்காரர்.

"மறக்கலய்யா. அது போன வருஷக் காத்துல பிச்சுக்கிட்டுப் போனதுக்கு மாத்தின புதுத் தகடு."

முதலில் சிரித்தது தையல்காரரின் மனைவிதான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. கைப்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தார். இரண்டு நாளாக அதைப் பையிலேயே சுமந்துகொண்டிருந்தாராம். தோள் வலிக்கிறது என்றார். இரண்டு இடது கை வெட்டின கதை என்ன என்று கேட்டார். அன்றைக்கு மனசெல்லாம் துருவிலேயே இருந்தது என்று தையல்காரர் ஒப்புக்கொண்டார். சாவியும் அப்படித்தான் ஃபிரிட்ஜுக்குப் போனதாம். அதற்கு வேண்டுமானால் நான் வைத்தியம் செய்கிறேன் என்றார் மனைவி.

தையல்காரர் கத்தரிக்கோலை விரல்களில் மாட்டித் திறந்து மூடிப் பார்த்தார். பேக்கரியிலிருந்து ஒரு கேக் அட்டை கேட்டார். பென்சில் கோடுகூடப் போடாமல் நேராக ஒரே வீச்சில் வெட்டினார். சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது, முன்பக்கத்தைச் சம்பந்தி செய்யட்டும், பின்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், பின்பக்கத்தை நம்பி யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, கோகோ கூடாது. கோகோக் கூரையைத் தூக்கிப்போடவும் அவர் விடவில்லை. நிழலையெல்லாம் உட்கார்ந்து வரைந்த மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, அதை எறும்பு ஏறாத கண்ணாடிப் பெட்டியில் போட்டு என் கடையில் வைக்கப்போகிறேன் என்றார். பேக்கரிக்காரர் பழையபடி சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

வீடு திரும்பும் வழியில் மாப்பிள்ளை மாமியாருக்கு ஓரடி பின்னாலேயே நடந்தார். பன் பொட்டலம் ஒன்று அவர் கையில் இருந்தது. தெருமுனை திரும்பியதும் நின்றார். பதினோரு மாதத்துக்கு முன்னால், அலமாரி துடைக்கும்போது, அத்தையின் பூதக்கண்ணாடி கைதவறி விழுந்து உடைந்துவிட்டது. அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்கி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்றே இருந்தேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

சர்வேயரம்மா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பழசுல கைப்பிடி ஆடும், மாப்பிள்ளை. நானே மாத்தணும்னு இருந்தேன். இது நல்லா இருக்கு."

"அப்ப உங்களுக்கு முதல்லயே தெரியுமா, அத்தை?"

"நீங்க வாங்கி வெச்ச அன்னைக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு, பொட்டலத்திலிருந்து ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவரிடம் கொடுத்தார்.